மழைக் கொழுந்தும் பி.எம்.ஐ. கணக்கும்

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எடை போடுவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அம்மா கோத்தகிரிப் பக்கம் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மழை நாளில் பை கனத்துப்போகும். ஆனால் எடை போடும் இடத்தில் ஈரத்துக்கென்று ஒரு கணக்கைக் கழித்துவிடுவார்கள். தராசு காட்டுவது மொத்தப் பாரத்தைத்தான். அதில் இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பைக்குள் கையை விட்டுப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

நான் இப்போது செவிலியராக வேலை பார்க்கிறேன். பி.எம்.ஐ. என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வரும்.

போன வருடம் என் அத்தை ஒரு பரிசோதனைச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். அதில் பி.எம்.ஐ. 28.6 என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். "இது என்ன பாப்பா, சுகர் நம்பரா, பிரஷர் நம்பரா?" என்று கேட்டார். சீட்டைக் கொடுத்தவர்கள் "வெயிட்டைக் குறைங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வரிசையில் பத்துப் பேர் நின்றபோது சத்தமாகச் சொன்னதில் அத்தைக்கு முகம் வாடிப்போயிருந்தது. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பி.எம்.ஐ. என்பதைத் தமிழில் உடல் நிறைக் குறியீட்டெண் என்று எழுதுகிறார்கள். ரத்தம் எடுக்க வேண்டாம், ஊசி வேண்டாம். உங்கள் எடை கிலோவில், உயரம் மீட்டரில் தெரிந்தால் போதும். எடையை உயரத்தால் வகுங்கள். வந்த விடையை மறுபடியும் அதே உயரத்தால் வகுங்கள். அத்தை 66 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர், அதாவது 1.52 மீட்டர். 66ஐ 1.52ஆல் வகுத்தால் 43.4. அதை இன்னொரு முறை 1.52ஆல் வகுத்தால் 28.6. செல்போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். உயரம் அடியில்தான் தெரியும் என்றால் ஒரு அங்குலத்துக்கு 2.54 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி என்பது 152.4 சென்டிமீட்டர்.

எங்கள் ஊரில் எடை பார்க்கும்போது ஒரு சிக்கல் உண்டு. குளிருக்கு ஸ்வெட்டர், மஃப்ளர், அதற்கு மேல் ஒரு சால்வை, காலில் ரப்பர் பூட்ஸ். எல்லாவற்றோடும் தராசில் ஏறினால் இரண்டு கிலோ சும்மாவே கூடும். அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு ஏறுங்கள். ஈரத்தைக் கழிப்பது போலத்தான்.

ஏன் இரண்டு முறை வகுக்க வேண்டும்? உயரமானவர் எடை கூடுதலாக இருப்பது இயல்பு. அந்த உயரத்தின் பங்கைக் கழித்துவிட்டால்தான் ஐந்தடிக்காரரையும் ஆறடிக்காரரையும் ஒரே அளவில் வைத்துப் பார்க்க முடியும். வளர்ந்த மனிதர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை 1830களில் கண்டு சொன்னவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெட்டலே. அவர் மருத்துவர் இல்லை. வானியலும் புள்ளியியலும் படித்தவர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று கணக்கிடுவதுதான் அவருடைய ஆசை. யார் குண்டு, யாருக்கு நோய் வரும் என்பதெல்லாம் அவர் கேட்ட கேள்வியே இல்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸும் அவருடைய சகாக்களும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்துப் பார்த்து, இந்தக் கணக்கே எளிது, பயனுள்ளது என்று முடிவு செய்து, பாடி மாஸ் இன்டெக்ஸ் என்ற பெயரையும் கொடுத்தார்கள். அந்த ஆய்வில் பெண்கள் இல்லை. இந்தியர்களும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எந்த எண் அதிகம்?

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அட்டவணைப்படி 18.5க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு. 18.5 முதல் 24.9 வரை சரியான அளவு. 25 முதல் 29.9 வரை அதிக எடை. 30ம் அதற்கு மேலும் உடல் பருமன். இந்த அட்டவணைப்படி அத்தைக்கு அதிக எடை மட்டும்தான். ஆனால் இந்தியாவில் பல மருத்துவர்கள் பின்பற்றுவது வேறு அளவு. இந்திய நிபுணர்கள் கூடி வகுத்து 2009இல் வெளியான வழிகாட்டுதலின்படி 23 தொட்டாலே அதிக எடை. 25 தொட்டால் பருமன். அத்தையின் சீட்டில் சிவப்பு வட்டம் விழுந்தது இதனால்தான். ஒரே ஆளுக்கு ஓர் இடத்தில் "கொஞ்சம் அதிகம்" என்றும் இன்னோர் இடத்தில் "பருமன்" என்றும் எழுதித் தருவதைப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு. இரண்டு பேரும் வெவ்வேறு அட்டவணையைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

152 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது சுமார் 53 கிலோ. 25 என்பது சுமார் 58 கிலோ. எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் இந்த உயரம்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நமக்கு மட்டும் ஏன் கோடு கீழே போட்டார்கள்? ஒரே பி.எம்.ஐ. இருந்தாலும் ஐரோப்பியர்களைவிட இந்திய உடலில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பக்கப் படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். மழைக் கொழுந்தும் வெயில் நாள் கொழுந்தும் ஒரே எடையில் நிற்பது போல. அந்த ஒரு படம் பக்கம் பக்கமான கட்டுரைகளைவிட எனக்கு அதிகம் புரியவைத்தது.

நம்மில் இது ஏன் இப்படி என்பதற்கு ஒரு விளக்கம், தலைமுறை தலைமுறையாகச் சத்துக் குறைவோடு இருந்த தாய்மார்களின் வயிற்றிலேயே இது தொடங்குகிறது என்பது. புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தபோது, எடை குறைவாகப் பிறந்தாலும் கொழுப்பு மட்டும் குறையாமல், தசை குறைந்து பிறந்ததைக் கண்டிருக்கிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த என் தாத்தா பாட்டி காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் வயிறாரச் சாப்பிட்டதில்லை. அதனால் இந்த ஆய்வை நான் வெறும் தகவலாகப் படிக்கவில்லை.

மேடு ஏறுகிறவர்களுக்கு வராதா?

"நாம தினமும் மேடு ஏறி இறங்குறவங்க. சுகர், பிரஷர் எல்லாம் சமவெளிக்காரங்களுக்கு" என்று ஊரில் சொல்வார்கள். அம்மா காலத்தில் அது ஓரளவுக்கு உண்மை. காலை எட்டு மணிக்கு மலைச்சரிவில் ஏறினால் மாலை வரை நின்றபடியே வேலை. நிரம்பிய பையைத் தலையில் சுமந்து நடக்க வேண்டும். விறகு வேறு. அந்த உழைப்புக்கு மைதா ரொட்டியும் சம்பலும், சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் செரித்துப் போயின. எங்கள் வீடுகளில் இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்வோம்.

இப்போது உழைப்பு மாறிவிட்டது, சாப்பாடு மாறவில்லை. விறகுக்குப் பதில் கேஸ். ஊருக்குள்ளேயே மினி பஸ், ஆட்டோ, ஜீப். பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். குளிருக்கு டீயும் வர்க்கியும், மாலையில் சூடாக மிளகாய் பஜ்ஜி. வர்க்கி என்பது மைதாவும் கொழுப்பும் சேர்ந்தது. எனக்கும் பிடிக்கும், மறைக்கவில்லை. படுகர் கிராமங்களிலும் இதே கதைதான். தேயிலைக்கு முன்னால் சாமையும் ராகியும் கோதுமையும் விளைந்த நிலம் அது. இன்று அங்கேயும் தட்டில் வெள்ளைச் சோறு.

தமிழ்நாடு முழுவதுமே இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். ஆண்களில் அப்படி இருப்பவர்கள் 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2 சதவீதம்தான். அத்தை தனி ஆள் இல்லை.

எண் எங்கே தவறும்?

எனக்குத் தெரிந்த மூன்று பேரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஒருவர் சந்தையில் கேரட் மூட்டை தூக்குபவர். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. பி.எம்.ஐ. 25.7. நம் அட்டவணைப்படி அவருக்குப் பருமன். ஆனால் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர். தோளும் தொடையும் கருங்கல். சுகர், பிரஷர் இரண்டும் சரியாக இருக்கின்றன. அவருடைய எடை தசை.

இன்னொருவர் ஜீப் ஓட்டுகிறார். உயரம் 168, எடை 64 கிலோ. பி.எம்.ஐ. 22.7. அட்டவணைப்படி ஒன்றும் இல்லை. கை கால்கள் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். இடுப்பு 94 சென்டிமீட்டர். வெறும் வயிற்றில் சுகர் பார்த்தபோது நீரிழிவு வந்தே விட்டது. "ஒல்லியா இருக்கேனே, எனக்கு எப்படி?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில்தான் யாஜ்னிக்கின் படம்.

மூன்றாவது ஆள் அத்தை. பி.எம்.ஐ. 28.6, இடுப்பு 94. அவருக்கு எண் சரியாகவே சொல்கிறது.

ஆகவே பி.எம்.ஐ. அதிகம் என்று வந்தால் அடுத்து எடுக்க வேண்டியது இன்ச் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், துணிக்கு மேல் வைக்காமல் அளக்க வேண்டும். சேலை கட்டுபவர்கள் கொசுவம் செருகும் இடத்தில் அளந்துவிடுவார்கள், அது கீழே போய்விடும். இந்தியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு. ஞாபகம் வைக்க இன்னும் சுலபமான வழி, இடுப்பு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. அத்தைக்கு அது 76.

2025 ஜனவரியில் வெளியான லான்செட் நிபுணர் குழுவின் அறிக்கையும் இதையே வலியுறுத்துகிறது. பி.எம்.ஐ. ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைப் பருமன் நோயாளி என்று முடிவுகட்டக் கூடாது, இடுப்பையோ உடல் கொழுப்பையோ சேர்த்து அளக்க வேண்டும் என்கிறார்கள். உறுப்புகள் பாதிக்கப்பட்டுவிட்ட பருமனையும், இன்னும் பாதிக்கப்படாத பருமனையும் வேறுபடுத்திப் பார்க்கவும் சொல்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அட்டவணையைப் போடவே கூடாது. அவர்களுக்கு வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடம் தனியாக உண்டு. வயதானவர்களுக்குத் தசை கரைவதுதான் பெரிய ஆபத்து. எழுபது வயதில் முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைந்தால் சந்தோஷப்படாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கொழுப்பு கெட்டது என்று நாம் நினைக்கிறோம். அது உடல் போட்டுவைக்கும் சேமிப்பு. ரேஷன் அரிசியை டிரம்மில் கொட்டி வைப்பது போல, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு செல்கள் மிச்சமான சக்தியைப் பத்திரப்படுத்துகின்றன. டிரம் நிறையும் வரை பிரச்சினை இல்லை. நிறைந்த பிறகும் அரிசி வந்துகொண்டே இருந்தால் கட்டிலுக்கு அடியில், அடுப்பு மேடையில், நடக்கும் வழியில் என்று மூட்டை வைக்க வேண்டிவரும். வீட்டில் வேலை ஓடாது. நம்மவர்களுடைய டிரம் சிறியது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம். சீக்கிரமே நிறைந்து, கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்திலும் போய்ச் சேருகிறது.

குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் கொழுத்துப்போகிறது. ஸ்கேன் எடுத்தால் "ஃபேட்டி லிவர்" என்று எழுதிவரும். மது தொடாதவருக்கும் இது வரும். கொழுத்த கல்லீரலும் தசையும் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. இன்சுலின் என்பது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை செல்லுக்குள் போகச் சொல்லும் ஹார்மோன். சொன்னதைக் கேட்கவில்லை என்றால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து சமாளிக்கும். சில வருடங்கள் இப்படி ஓடும். அப்போது சுகர் பார்த்தால் சரியாகவே காட்டும். கணையம் களைத்துப்போன பிறகுதான் எண் ஏறத் தொடங்கும்.

அந்த மறைந்த வருடங்களிலேயே ஓர் அடையாளம் வெளியே தெரியலாம். கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல் ஆகும். ஊரில் அதை அழுக்கு என்று நினைத்து, பெண் பிள்ளைகளின் கழுத்தைக் கல்லால் தேய்க்கிறார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். இன்சுலின் அதிகமாகச் சுரப்பதால் வரும் மாற்றமாக அது பெரும்பாலும் இருக்கும். சோப்பு போட்டுப் போகாது. அந்தப் பிள்ளைக்கு மாதவிடாயும் தள்ளித் தள்ளி வருகிறது என்றால் இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரைக்கும் அப்படியே.

பிரஷர் ஏறுவது இன்னொரு வழியில். உடல் எடை கூடும்போது ரத்தத்தின் அளவு கூடுகிறது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது, நரம்புகளின் தூண்டுதலும் அதிகமாகிறது. பிரஷரும் சுகரும் கெட்ட கொழுப்பும் ஒன்று சேர்ந்தால் மாரடைப்பு, பக்கவாதம். பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும். கர்ப்பப்பை உட்சுவர், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகம், பெருங்குடல் உட்பட 13 வகைப் புற்றுநோய்களோடு அதிக உடல் கொழுப்புக்குத் தொடர்பு இருப்பதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அறிவித்தது. இவற்றையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. வாய்ப்பு கூடுகிறது என்பது வேறு, வந்தே தீரும் என்பது வேறு.

குறட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு, குறட்டை நின்று, மூச்சும் நின்று, திணறி எழுந்து, மறுபடி தூங்கி, இப்படியே இரவு போகும். மறுநாள் பகலில் கண் சொக்கும். சமவெளியில் ஆபீசில் தூங்கி வழிந்தால் திட்டு விழும். எங்கள் ஊரில் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவருக்கு இது வந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேர் உயிரும் அவர் கண்ணிமையில். ஓட்டுநர் வீட்டுப் பெண்கள் குறட்டையைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் கவனிக்க வேண்டும்.

மலைவாசிகளுக்கு முதலில் பேசுவது முட்டிதான். ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்குப் பாரம். படி இறங்கும்போது மூட்டில் விழும் விசை உடல் எடையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டும். 66 கிலோ அத்தை ரோட்டிலிருந்து தன் லைன் வீட்டுக்கு இறங்கும் ஒவ்வொரு படியிலும் அவருடைய முட்டி 200 கிலோவைத் தாங்குகிறது என்று சொன்னபோது அவர் தன் முட்டியைக் கையால் தடவிக்கொண்டார். இதில் நல்ல செய்தியும் உண்டு. முட்டித் தேய்மானம் உள்ளவர்களை அளந்து பார்த்த ஒரு 2005 ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் சுமார் நான்கு கிலோ குறைவதாகத் தெரிந்தது.

சரி, என்ன செய்வது?

முதலில் பரிசோதனை. பிரஷர், வெறும் வயிற்று சுகர், மூன்று மாதச் சராசரி சுகர், கொழுப்பு, மருத்துவர் சொன்னால் கல்லீரலும் தைராய்டும். வெறும் வயிற்று சுகர் 100க்குள் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் வந்து, மறுமுறை பார்த்தும் அப்படியே இருந்தால் நீரிழிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகரும் பிரஷரும் காசில்லாமல் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். அத்தைக்கு மூன்று மாதச் சராசரி 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை. நோய் வாசலில் நிற்கிறது, உள்ளே வரவில்லை.

அடுத்து, எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்ற கேள்வி. அட்டவணையைப் பார்த்து 53 கிலோவுக்கு வர வேண்டுமோ என்று அத்தை மிரண்டுவிட்டார். வேண்டியதில்லை. இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுகர், பிரஷர், கல்லீரல் எல்லாவற்றிலும் மாற்றம் தெரியும். அத்தைக்கு அது சுமார் மூன்றேகால் கிலோவிலிருந்து ஆறரை கிலோ வரை. 2006இல் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களைச் சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்ய வைத்து மூன்று வருடம் போல் கவனித்தார்கள். அப்படிச் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையக்கூட இல்லை. பழக்கம் மாறியதற்கே அந்தப் பலன்.

சாப்பாட்டில் நான் முதலில் கைவைத்தது தேத்தண்ணியில்தான். ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. பத்து ஸ்பூன் என்பது 50 கிராம், சுமார் 200 கலோரி. ஒரு நாளுக்கு மொத்தமாகவே 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அத்தை தேத்தண்ணியிலேயே கணக்கை முடித்துவிடுகிறார். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தோம். உலகமே வாங்கிக் குடிக்கும் தேயிலையைப் பறிக்கிறோம், அதன் ருசியைச் சீனியில் மூழ்கடிக்கிறோமே என்று எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு.

அப்புறம் தட்டு. கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோஸும் இங்கே விளைந்து லாரியில் மேட்டுப்பாளையம் போகின்றன. விளைவிக்கும் வீட்டில் சோற்று மலைக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்குக் குழம்பு. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு அல்லது ராகிக் களி, கால் பங்கு பருப்பு, அவரை, முட்டை, மீன் என்று இடம் பிரித்துக்கொண்டால் எடை இயந்திரம் இல்லாமலேயே அளவு வந்துவிடும். மைதா ரொட்டியில் பாதிக்குப் பாதி ராகி மாவு கலந்து சுட்டால் பிள்ளைகளே சாப்பிடுகிறார்கள்.

நடை விஷயத்தில் சமவெளி அறிவுரையை அப்படியே கேட்க முடியாது. அதிகாலை ஐந்து மணிக்கு நடங்கள் என்பார்கள். அந்த நேரத்தில் எங்கள் பாதையில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். வெயில் ஏறிய பிறகு, மூடுபனி விலகிய பிறகு, துணைக்கு ஓர் ஆளோடு நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு. மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு வேகம் இருக்க வேண்டும். மேடு இருப்பது நமக்கு வரம், குறைந்த தூரத்திலேயே அந்த வேகம் கிடைத்துவிடும். முட்டி வலி உள்ளவர்கள் ஏறுவதற்கு நடந்துவிட்டு இறங்குவதற்கு மினி பஸ் பிடிக்கலாம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நெஞ்சு வலியோ அளவுக்கு மீறிய மூச்சுத்திணறலோ இருந்தால் முதலில் மருத்துவர், பிறகு மேடு.

எடைக்கான ஊசி மருந்துகளைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்றவை நல்ல பலன் தரும் மருந்துகள்தான். மருத்துவர் பார்த்து, அளவு சொல்லித்தான் போட வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும். பி.எம்.ஐ. மிக அதிகமாக இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சையும் ஒரு வழி. "ஒரே மாதத்தில் பத்து கிலோ" என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடியை மட்டும் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்றைக் கோபத்தோடே சொல்கிறேன். எடை கூடியவர்களை வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று பேசுவதை நிறுத்துங்கள். பரம்பரை, தைராய்டு, ஸ்டீராய்டு, மனநோய்க்கான சில மாத்திரைகள், தூக்கமின்மை, மாதவிடாய் நிற்கும் வயது, இவையெல்லாம் எடையைக் கூட்டும். வரிசையில் வைத்து அவமானப்படுத்தப்பட்ட அத்தை ஆறு மாதம் எந்த மருத்துவமனைப் பக்கமும் போகவில்லை. அந்த ஆறு மாதமும் பிரஷர் மாத்திரை இல்லாமல் இருந்தார்.

இப்போது மாதம் ஒருமுறை, ரேஷன் வாங்கும் நாளில் எடையும் இடுப்பும் பார்த்துக் காலண்டரின் பின்னால் எழுதுகிறோம். பதினொரு மாதத்தில் 66 என்பது 62 ஆகியிருக்கிறது. பி.எம்.ஐ. 26.8. அட்டவணைப்படி அவர் இன்னும் பருமன் கட்டத்துக்குள்தான் இருக்கிறார். இடுப்பு 94இலிருந்து 88. மூன்று மாதச் சராசரி 5.8. போன வாரம் வந்தபோது அவராக முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நான்தான் கேட்டேன். "இறங்குறப்போ மட்டும் கொஞ்சம் இருக்கு பாப்பா" என்றார்.